வேலூரில் வேடியப்பன் ஜெயித்த ஆட்டம்

ஆரணியில் கோர்வைப் பட்டு நெய்யும் வேடியப்பனுக்கு அழுகை வரவில்லை. பெண்டாட்டி அபிதகுசாம்பாள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். சுடுகாட்டில் கொள்ளி வைத்தபோதும் வரவில்லை. "அழுதுடுண்ணா, நெஞ்ச அடைச்சிகினு நீயும் வுழுந்துடாத" என்று தங்கை கமலம் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். வந்தால்தானே அழ!

காரியம் முடியும்வரை தறியைத் தொடக் கூடாது. கை சும்மா கிடந்தால் மனுஷன் எங்கே போவான்? வேலூருக்கு பஸ் ஏறினான், செஸ் போட்டிக்கு. எண்பத்திரண்டாம் வருஷம் அது. போட்டிக்கு அவன் பெயரைக் கொடுக்க வைத்தவளே குசாம்பாள்தான். ஊர் சும்மா இருக்குமா? "ஈரம்கூட காயல, ஆட்டத்துக்குக் கெளம்பிட்டான் பாரு" என்றது. ஜெயித்தாலாவது உள்ளே ஏதாவது உடையும், ஒரு பாட்டம் அழுதுவிடலாம் என்று அவன் நினைத்தது ஊருக்கு எப்படித் தெரியும்? இனி எதுவுமே தைக்காதோ என்று அவனுக்குப் பயமாக இருந்தது.

கடைசிச் சுற்றில் எதிரே ஒரு பாங்க் அதிகாரி. வெள்ளைக்காய் அவருக்கு. ராணிக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். குசாம்பாளும் அப்படித்தான் ஆரம்பிப்பாள். தறியின் அந்தப் பக்கம் உட்கார்ந்து, சேலைக் கரைக்கு ஊடைநூல் ஓட்டும் நாடாவை எறிந்துகொண்டே, பலகையில்லாமல் வாயாலேயே காய் நகர்த்துவாள்.

உடலுக்கு ஒருவர், கரைக்கு ஒருவர் என்று இருவர் நெய்யும் கோர்வைத் தறியில் ஒருவர் எறிந்தால், மற்றவர் எறியும்வரை கை நிற்க வேண்டும். அந்தப் பாழாய்ப்போன பழக்கம் இங்கேயும் வந்து தொலைத்தது. காயை வைத்துவிட்டு, கடிகாரத்தை அழுத்தாமல், எதிர்ப்பக்கம் சத்தம் கேட்கட்டும் என்று காத்திருந்தான். ஓடியது அவனுடைய நேரம்தான். அதிகாரி கண்டும் காணாதவர்போல இருந்தார், கெட்டிக்காரர்.

நேரம் தீர்ந்து இவன் தோற்கப்போகிறான் என்ற தெம்பில், அவர் ராணியை அனுப்பி ஓரத்துச் சிப்பாயை வெட்டினார். வேடியப்பனின் மந்திரி அது திரும்பும் வழியை அடைத்தது. ராணி போயிற்று. கொஞ்ச நேரத்தில் ராஜாவும் மாட்டினார்.

ஜெயித்தாயிற்று. வேடியப்பன் காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. கண் காய்ந்தே கிடந்தது.

அதிகாரி கைகொடுத்தார். "கறுப்புல என்னை ஜெயிச்சவங்க கம்மி. யார்கூட ஆடிப் பழகினீங்க?"

"வூட்லதாங்க. சம்சாரத்தோட."

"உங்களவிட நல்லா ஆடுவாங்களா?"

"ஆமாங்க. அவகிட்ட நான் ஜெயிச்சதே இல்ல."

"அப்ப அடுத்த தடவை அவங்களையும் கூட்டிகினு வாங்க. நான் ஆடிப் பாக்கணும்."

வேடியப்பன் தலையாட்டினான்.

"வூட்டுக்குப் போயி சொல்றேங்க" என்றான்.