சம்பந்தியம்மாவின் ஸ்பானிஷும் என் எதிர்காலமும்

தம்பி மெக்சிகோவுக்கு வேலைக்குப் போன மூன்றாவது வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் விஷயத்தை உடைத்தான். கூட வேலை பார்க்கும் மெக்சிகோ பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறானாம். நைனா போனை என் கையில் திணித்துவிட்டு வெளியே போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். திரும்பி வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் பொண்ணுக்கு அப்பா அம்மா கீறாங்களா?"

"அம்மா மட்டும்தான் நைனா. அப்பா இல்லியாம்."

"அப்ப அந்த அம்மாகிட்ட யார்னா முறையா பேசணும்ல? நீ பேசு."

எங்கள் அம்மா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் கல்யாணமாகி, ஆந்திர எல்லையோரத்தில் எங்கள் ஊரான சத்தியவேட்டிலேயே பக்கத்துத் தெருவில் இருந்தேன். வீட்டுப் பெண் என்று சம்பந்தி பேச நான்தான். ஆனால் அந்த அம்மாவுக்கு ஸ்பானிஷ் தவிர வேறு மொழி தெரியாது. எனக்குத் தமிழ், தெலுங்கு, அப்புறம் வேலை பார்க்கும் ஸ்ரீ சிட்டி ஃபேக்டரியில் புழங்கும் அளவுக்கு இங்கிலீஷ்.

"நான் நடுவுல இருந்து சொல்றேன்க்கா" என்றான் தம்பி. முதல் வீடியோ காலில் அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டும் சிரித்துக்கொண்டும் ரொம்ப நேரம் பேசினார். தம்பி திரும்பிப் பார்த்து, "நல்லா இருக்கீங்களான்னு கேக்குறாங்க" என்றான்.

"இவ்ளோ நேரம் பேசினாங்களே?"

"அவ்ளோதான்க்கா."

அன்றைக்கே முடிவு செய்தேன், இவனை நம்பிச் சம்பந்தம் பேச முடியாது என்று.

போனில் ஒரு செயலியைப் போட்டுக்கொண்டேன். சத்தியவேட்டிலிருந்து ஸ்ரீ சிட்டிக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிற நேரமும் வருகிற நேரமும் எனக்கு ஸ்பானிஷ் வகுப்பு. பூனை பால் குடிக்கிறது, பையன் ஆப்பிள் தின்கிறான் என்று சீக்கிரமே சொல்ல வந்துவிட்டது. ஆனால் கல்யாண வீட்டில் பூனையைப் பற்றி யார் பேசுகிறார்கள்? எப்போது வருவீர்கள், எத்தனை பேர் வருவீர்கள், எங்கே தங்குவீர்கள், என்ன செய்வோம் என்று பேச்செல்லாம் எதிர்காலத்தில்தான் ஓடும். செயலியிலோ எதிர்காலம் ரொம்பத் தூரத்தில், இன்னும் பூட்டியே இருந்தது.

கல்யாணப் பெண்ணிடமே கேட்டேன். தம்பி கூப்பிடுவதைக் கேட்டு அவளும் என்னை "அக்கா" என்றுதான் கூப்பிட்டாள். முறைப்படி அண்ணி என்று கூப்பிட வேண்டும். அவள் வாயில் அக்கா அழகாக இருந்ததால் திருத்தவில்லை. தினம் ஒரு குரல் செய்தி அனுப்பினாள், பாதி இங்கிலீஷ், பாதி ஸ்பானிஷ். முதல் செய்தியிலேயே நான் பஸ்ஸில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சாப்பிடப் போகிறேன் என்பதற்கு அவர்கள் 'போய் ஆ கோமேர்' என்கிறார்கள். 'போய்' என்றால் போகிறேன், 'கோமேர்' என்றால் சாப்பிடுவது. நாம் சொல்கிற மாதிரியே, எங்கும் எழுந்து போகாமல் உட்கார்ந்த இடத்திலிருந்தே போகிறார்கள். அதுவும் நம் வார்த்தையை வைத்துக்கொண்டே! இத்தனை கடல் தாண்டி அது எப்படி அங்கே போயிற்று என்று எனக்குள்ளே கேட்டுக்கொண்டேன். போகவில்லை, சும்மா ஒத்துப்போயிருக்கிறது என்று தெரியும். இருந்தாலும் அன்றைக்கு முழுக்க ஃபேக்டரி லைனில் பாகங்களைச் சோதித்துக்கொண்டே போய் ஆ, போய் ஆ என்று முணுமுணுத்தேன்.

அடுத்து வந்தது இன்னொரு எதிர்காலம். சாப்பிடுவேன் என்பதற்குக் 'கோமெரே', சாப்பிடுவார் என்பதற்குக் 'கோமெரா'. நம் வேன், வாய், வார் போல வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்கிறது. அந்த வாலை அழுத்திச் சொல்ல வேண்டும், அதுதான் எனக்கு வரவில்லை. நான் எல்லா எழுத்தையும் ஒரே மாதிரி சொல்லிக்கொண்டு போனேன்.

"கடைசி எழுத்தை அடி, அக்கா. கதவைத் தட்டுவதுபோல" என்றாள் அவள்.

நான் பஸ்ஸின் முன்சீட்டுக் கம்பியைத் தட்டித் தட்டிப் பழகினேன். செய்வேன் என்பதற்கு 'ஆரே'. ஆரே, ஆராஸ், ஆரா என்று தட்டிக்கொண்டிருந்தபோது முன்சீட்டில் இருந்த கம்பெனித் தோழி திரும்பிப் பார்த்தாள். "எவர்னி பிலுஸ்துன்னாவ்?" என்று தெலுங்கில் கேட்டாள். அரே, அரே என்று யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்திருக்கிறாள். விஷயம் தெரிந்ததும் அவளுக்கும் ஆசை வந்துவிட்டது. அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து தட்டினோம். டிரைவர் ரெண்டு தரம் வண்டியை நிறுத்திவிட்டு, யாராவது இறங்கணுமா என்று கேட்டார்.

கொஞ்சம் தைரியம் வந்த பிறகு தம்பியை விலக்கி வைத்துவிட்டுச் சம்பந்தியம்மாவை நானே அழைத்தேன். பக்கத்தில் நைனா, வேட்டியை மாற்றிக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருந்தார். விமானம் மாறி மாறி வர வேண்டும், வெயில் வேறு, கல்யாணத்துக்குத் திருப்பதி வந்து சேர்வதற்குள் களைத்துப்போவீர்கள், ஓய்வெடுத்த பிறகுதான் சடங்கெல்லாம் என்று சொல்ல நினைத்தேன். களைத்துப்போவீர்கள் என்பதற்கு 'செ கான்சாரா'. நான் கடைசி எழுத்தை அடிப்பதிலேயே குறியாக இருந்ததில் நடுவில் ஓர் எழுத்தைத் தின்றுவிட்டேன்.

"திருப்பதியில் நீங்கள் செ காசாரா" என்றேன், நன்றாக அழுத்தி.

அந்த அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், போன் கீழே விழுந்து எங்களுக்கு அவர் வீட்டுக் கூரைதான் தெரிந்தது. சமையலறைப் பக்கம் மகளைக் கூவி அழைத்தார். மகள் ஓடி வந்து கேட்டுவிட்டு அவளும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, அம்மாவுக்கும் திருப்பதியில் கல்யாணம் ஆகும் என்று சொல்லியிருக்கிறாய். மாப்பிள்ளை யார் என்று கேட்கிறாள்."

"இன்னாம்மா சிரிக்கிறாங்க? இன்னா சொன்ன நீ?" என்று நைனா என் முழங்கையை இடித்தார்.

"ஒண்ணும் இல்ல நைனா. நல்லதுதான் சொன்னேன்."

அந்தச் சிரிப்புக்குப் பிறகு எங்களுக்குள் கூச்சம் என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது. தப்பும் தவறுமாகத் தினமும் பேசினோம். அவர் கணவர் இறந்த கதையை அவர் சொன்னார். எங்கள் அம்மா சமைத்த விதத்தை நான் சொன்னேன். நைனாவுக்குக் கவலை ஒன்றுதான். "நம்ம காரத்த அந்தம்மா தாங்குமா? தனியா பருப்பு கடைஞ்சு வெக்கச் சொல்லலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

கல்யாணம் கீழ்த்திருப்பதியில் ஒரு மண்டபத்தில். சம்பந்தியம்மா இரண்டு நாள் முன்னதாகவே மகளோடு வந்து இறங்கினார். என்னைக் கட்டிப்பிடித்தார், நைனாவைக் கட்டிப்பிடிக்கப் போனவர் அவர் கும்பிட்டதைப் பார்த்து நின்று, தானும் கும்பிட்டார்.

முகூர்த்தத்தன்று காலையில், மணப்பெண் அறையில் புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டிருந்தேன். தாலி கட்டுகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. சம்பந்தியம்மாவைக் காணவில்லை. அவர் போன் கட்டிலின் மேல் கிடந்தது. குளியலறை, மேடை, வாசல் எல்லாம் பார்த்தாயிற்று. மொழி தெரியாத ஊரில், திருப்பதிக் கூட்டத்தில் ஒரு பெண்மணி எங்கே போயிருப்பார்? கல்யாணப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தோந்தே எஸ்தாரா மி மமா?"

எங்கே, அம்மா என்பதெல்லாம் புரிந்தது. நடுவில் இருந்த 'எஸ்தாரா'தான் இடித்தது. இருக்கிறாள் என்றால் 'எஸ்தா' அல்லவா? இப்போது எங்கே என்று தெரியாமல் தவிக்கிறவள், நாளைக்கு எங்கே இருப்பாள் என்று ஏன் கேட்கிறாள்? பதற்றத்தில் உளறுகிறாள் என்றே நினைத்தேன். அவளுக்குப் பதில் சொல்லத் தமிழில் மனதுக்குள் வார்த்தை தேடியபோதுதான் பளிச்சென்றது. நாமும் அப்படித்தானே கேட்போம், அம்மா எங்க இருப்பாங்க என்று! தெரியாத இப்போதைக்கு நாமும் எதிர்காலத்தைத்தானே எடுக்கிறோம். வெளிய இருப்பாங்க, பூ வாங்கிக்கினு இருப்பாங்க.

யாரும் சொல்லித் தராத வாக்கியம் தானாக என் வாயிலிருந்து வந்தது. "எஸ்தாரா கொம்ப்ராந்தோ ஃப்ளோரெஸ்." பூ வாங்கிக்கொண்டிருப்பார்.

அவள் என்னைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். "சரியாகச் சொன்னாய் அக்கா, ஒரு தப்புகூட இல்லை" என்றாள். அந்த நேரத்தில் அதைச் சொல்லத் தோன்றியதே அவளுக்கு! எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில் காணாமல் போனவரையே அரை நிமிடம் மறந்துவிட்டேன்.

இலக்கணம் சரி, ஊகம் தப்பு. பூக்கடைப் பக்கம் அவர் இல்லை. திரும்பி வரும்போது மண்டபத்தின் பின்னால் சமையல்கட்டிலிருந்து நைனாவின் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பட்டுப்புடவையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அண்டாவின் பக்கத்தில் சம்பந்தியம்மா நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு இட்லி, இட்லி முழுக்கச் சிவப்பாக மிளகாய்ச் சட்னி. சமையல்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"அங்க பொண்ணு அழுவுது, இங்க இன்னா நைனா பண்றீங்க?"

"நான் இன்னா பண்றது? காரம் எப்படி கீதுன்னு காட்டலாம்னு இட்டாந்தேன். போதும்னு சொல்லிக்கினே கீறேன், அந்தம்மா இன்னும் இன்னும்னு கேக்குது" என்றார். கவலை போன இடம் தெரியவில்லை, முகம் முழுக்கப் பெருமை. சம்பந்தியம்மா இன்னும் ஒரு வாய் வைத்துக்கொண்டு, "ஆஓரித்தா, ஆஓரித்தா" என்றார். இதோ வருகிறேன் என்று அர்த்தம். அது எவ்வளவு நேரம் ஆகும் என்பது அவர்கள் ஊரிலும் யாருக்கும் தெரியாதாம்.

கையைக் கழுவவைத்து இழுத்துக்கொண்டு ஓடினேன். கெட்டிமேளத்துக்குக் கொஞ்சம் முன்னால் மேடை ஏறிவிட்டோம். மகளின் கழுத்தில் தாலி ஏறியபோது என் தோளில் சாய்ந்து அழுதார், மிளகாய் வாசனையோடு.

அவர்கள் கிளம்பிய அன்று மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்கு நைனாவும் வந்தார். பிரிகிற நேரத்துக்கென்று நான் நாலைந்து வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். நான் ஆரம்பிப்பதற்குள் சம்பந்தியம்மா நைனாவைப் பார்த்துக் கும்பிட்டு, கடைசி எழுத்தை நன்றாக அடித்து, தமிழில் சொன்னார்.

"நான் வருவேன்."

மகளிடம் கேட்டுக் கற்றிருக்கிறார். எங்கள் வீட்டில் வரேன் என்போமே தவிர யாரும் அப்படிச் சொல்வதில்லை. "வருவேன்னு சொல்லுது பாரு, மேடையில பேசுற மாதிரி" என்று நைனா திரும்பி என்னிடம் சொன்னார். ஆனால் வண்டியில் திரும்பும்போது அவரே வருவேன், வருவேன் என்று ரெண்டு தரம் அடித்துச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

போன மாதம் நைனாவுக்குப் பாஸ்போர்ட் எடுத்தோம். விசாரிக்க வந்த போலீஸ்காரர் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, இந்த வயசில் எந்த தேசத்துக்கு, என்ன வேலையாக என்று தெலுங்கில் கேட்டார். நைனா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, சம்பந்தி வீட்டுக்கு என்றார். பிறகு, காப்பி குடிச்சிட்டுத்தான் போகணும் என்று அவரையும் உட்கார வைத்துக்கொண்டு, மெக்சிகோவில் என்னென்ன மிளகாய் விளையும் என்று சொல்ல ஆரம்பித்தார்.