இடது காலின் இரண்டு விரல்கள்

முப்பத்து நான்கு வருஷம் அரசுப் பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டாக்டர் ஜானட்டுக்குக் கதை எழுதும் ஆசை வந்தபோது, திருவொற்றியூர் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் எழுதியவையெல்லாம் கேஸ் ஷீட் மாதிரியே இருந்தன. கதாநாயகி உள்ளே வந்ததும் வயது, ரத்த அழுத்தம், எத்தனையாவது பிரசவம் என்று வரிசை கட்டிவிடும். "இதுல காதல் எங்கம்மா இருக்கு? ரத்தசோகைதான் இருக்கு" என்று மகள் சிரித்தாள். ஜானட் விடுகிற ஆளா? ஐந்தாவது கதை தேறிவிட்டது. ராயபுரத்தில் அவர் வளர்ந்த சர்ச் தன் மக்களுக்காக நடத்தும் பங்கு இதழ் அதை வெளியிட்டது.

ஞாயிறு பூசை முடிந்து அச்சில் படித்தபோதுதான் செய்த தப்பு அவருக்கு உறைத்தது.

அது நடந்த கதை. பதினேழு வயதில் கல்யாணமாகாமல் பிள்ளை பெற்று, அதைக் கன்னியர் மடத்தில் கொடுத்துவிட்டு வந்த பெண் அடைக்கலமேரி. யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தவர் அப்போது இளம் டாக்டராக இருந்த ஜானட். கதையில் அடைக்கலமேரியை ரோஸி ஆக்கினார், ராயபுரத்தைத் தூத்துக்குடி ஆக்கினார். இடது காலில் இரண்டு விரல்கள் ஒட்டிப் பிறந்தவள் என்பதை மட்டும் அப்படியே எழுதிவிட்டார். மாற்றவேண்டும் என்று தோன்றவே இல்லை. உடம்பில் கண்டதை மாற்றி எழுதினால் ஆள் செத்துப்போவார் என்று பழகிய கை அது. பாழாய்ப்போன பழக்கம்.

அடைக்கலமேரி இப்போது துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் இக்னேஷியஸின் மனைவி, இரண்டு பெண்களுக்குத் தாய். அந்த விரல்களை முப்பது வருஷமாகப் பார்த்துவரும் புருஷன் இதைப் படித்தால் அவள் கதி என்ன? ஜானட்டுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. கிரேன்காரர் பங்கு இதழையெல்லாம் எங்கே படிக்கப்போகிறார் என்று சொல்லிப் பார்த்தார். மனசு கேட்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம், இதழ் வேலை பார்க்கும் நோயல் போன் செய்தான்.

"டாக்டர், இன்னிக்கு எங்க அன்பியத்துல செபம் முடிஞ்சதும் உங்க கதையத்தான் படிக்கப் போறோம். இக்னேஷியஸ் அண்ணன் வூட்லதான் கூட்டம். அவரே படிச்சுக் காட்றாராம்!"

அன்பியம் என்றால் தெருக்காரர்கள் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபம் சொல்வது. இருபது பேராவது இருப்பார்கள். நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். காரணம் சொன்னால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். ஜானட் ராயபுரத்துக்கு ஷேர் ஆட்டோ ஏறினார். அது கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நகர மறுத்தது. செபம் சொல்லப் பார்த்தார், பாதியில் மறந்துபோனது.

மாடி ஏறி வாசலில் நின்றபோது இக்னேஷியஸ் மூக்குக்கண்ணாடியோடு நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தார். சுவரோரம் அடைக்கலமேரி, புடவையால் பாதத்தை மூடிக்கொண்டு. மடியில் இன்னொரு பிரதி விரித்திருந்தது. ஜானட்டைப் பார்த்த அந்தக் கண்களில் தெரிந்துவிட்டது, அவள் முன்பே படித்துவிட்டாள்.

அந்த வரி வந்தது. இக்னேஷியஸ் நிறுத்தினார், இருமினார். பிறகு, "ரோஸிக்கு வலது தோளில் ஒரு பெரிய மச்சம் இருந்தது" என்று படித்துவிட்டு மேலே போனார்.

கதையில் அப்படி ஒரு வரியே இல்லை. யாரும் கவனிக்கவில்லை. அடைக்கலமேரி மட்டும் மடியிலிருந்த பக்கத்தைப் பார்த்தாள், பிறகு புருஷன் முகத்தைப் பார்த்தாள். இதழை மூடி மடியில் கவிழ்த்து வைத்தாள்.

கூட்டம் கலைந்தபோது இக்னேஷியஸ் ஜானட்டை வழியனுப்புவதுபோல் கீழே இறங்கி வந்தார்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே அவ பெரீம்மா என்னாண்ட சொல்ட்டாங்க டாக்டரம்மா. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா குறுகிப் பூடுவாளேன்னு இத்தினி வருசமா வாயத் தொறக்கல."

"மன்னிச்சிடுங்க" என்றார் ஜானட்.

"இன்னிக்கு நானே மாத்திப் படிச்சு மாட்டிக்கினேன். அவ கண்டுகினா."

மேலே கடைசி ஆளும் இறங்கிப் போய்விட்டார். வீட்டிலிருந்து சத்தமே இல்லை. இக்னேஷியஸ் படிக்கட்டைப் பார்த்தபடி அங்கேயே நின்றார்.

"நீங்களும் கூட வாங்க டாக்டரம்மா. தனியாப் போக பயமாக் கீது."