தன் பெயரைக் கூவும் குருவி

ஹவாய்த் தீவுகளில் எலெபாயோ என்றொரு குருவி தன் பெயரைத் தானே கூவுமாம். மகளின் பள்ளித்தாளில் இருந்தது. அதன்கீழ், ‘உன் அம்மாவின் பெயருக்கு என்ன அர்த்தம்?’ என்ற கேள்வி. ‘பியா. அர்த்தம் இல்லை’ என்று எழுதியிருந்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிறுமியாய் டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவுக்கு வந்தபோது, என் முதல் ஆசிரியைக்குப் பூங்குயில் என்ற என் பெயர் வாயில் நுழையவில்லை. பியா என்றாள். வீட்டிலும் அப்படியே கூப்பிடச் சொன்னாள்.

அன்று வெங்காயம் வதக்கியபடி அம்மா அப்பாவிடம், “ஆசையாய் வைச்ச பேரப்பா” என்றார்.

தொழிற்சாலைச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே அப்பா, “டீச்சருக்குத் தெரியாததே? பியா, சாப்பிட வா” என்றார்.

நான் அசையவில்லை. பசித்ததும் போனேன். போனதை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது மகளின் தாளில் பியாவை வெட்டிவிட்டு, பூங்குயில் என்று அழுத்தி எழுதினேன்.

மகள் எட்டிப் பார்த்து டேனிஷில் கேட்டாள்: “யார் இது?”