அறுபத்தோராவது அட்டை

மலாயாவில் கரங்கான் பக்கத்து எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பிச்சையம்மாள் ஆயா வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருடமாகிறது. அந்த ஒன்பது வருடத்தில் அவள் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் ஒரு மத்தியானத்தைத் தாண்டாது. படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது. வாய்க்கும் சேர்த்துக் கண்தான் வேலை செய்தது. நோயாளி வாசலில் நுழையும்போதே அவன் கை எங்கே போகிறது என்று பார்ப்பாள். வயிற்றைப் பிடித்தவனுக்குச் சட்டி, தலையைப் பிடித்தவனுக்குக் கம்பளி. அவன் வாயைத் திறப்பதற்குள் தேவையானது பக்கத்தில் வந்திருக்கும்.

ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருடம் மருந்து அலமாரி காலி. மிஞ்சியது, வெள்ளைக்கார டாக்டர் ஓடும்போது பின்னறையில் விட்டுப்போன அறுபத்தொரு புத்தகங்கள். குயினைன் இல்லாமல் காய்ச்சலை எப்படிச் சமாளிப்பது, சீழ்ப்புண்ணை எதைக்கொண்டு கழுவுவது என்று டாக்டருக்குப் பதிலாக வைத்தியம் பார்த்த டிரசர் செல்வரத்தினம் அவற்றைத்தான் புரட்டுவார். பிச்சையம்மாளுக்கு அவற்றில் ஒன்றே ஒன்று வேண்டும். பிரசவப் புத்தகம். வயிற்றில் தலை மேலும் கால் கீழுமாக இருக்கும் பிள்ளையை எப்படிக் கை கொடுத்து எடுப்பது என்று அதில் ஐந்து படம் போட்டிருந்தது. அவள் தங்கை அழகம்மாவுக்கு எட்டு மாதம் முடிந்துவிட்டது. பிள்ளை அப்படித்தான் இருந்தது. மருத்துவச்சியோ போன வருடமே ஊரைவிட்டுப் போய்விட்டாள்.

இந்த நேரத்தில் பட்டணத்திலிருந்து உத்தரவு வந்தது. ஆங்கிலப் புத்தகம் வைத்திருக்கும் ஆஸ்பத்திரிகள் பொருள்வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் அட்டை எழுதி வைக்கவேண்டும். பத்தாம் நாள் ஜப்பான் அதிகாரி வருவார். ஒன்று குறைந்தாலும் மொத்தமும் லாரியில் ஏறிக் காகிதக் கூழாகிவிடும்.

டிரசர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒழுங்கில் பிடிவாதம். காலி மருந்துப் பெட்டிகளைப் பிச்சையம்மாள் சீட்டுச் சீட்டாக வெட்டிக் கொடுக்க, நோய்ப் பெயர்களின் ஆங்கில எழுத்து வரிசையில் ஆரம்பித்தார். பன்னிரண்டு அட்டை எழுதியிருப்பார். மலேரியா வந்து படுக்கையில் தள்ளிவிட்டது.

“பிச்சை, மிச்சத்தை நீர்தான் பாக்கோணும்” என்றார் பல் கிடுகிடுக்க.

“எனக்கு இங்கிலீசு தெரியாதுங்களே ஐயா.”

“படம் இருக்குத்தானே? பாத்து அடுக்கும்!”

அவள் பார்த்து அடுக்கினாள். நோயாளி கை வைக்கும் இடம்தான் அவளுக்கு வரிசை. மேல்தட்டில் தலை, கண், காது. அதற்குக் கீழே நெஞ்சு, பிறகு வயிறு. அடித்தட்டில் கால். கொசு, ஈ, குடல்புழு, பாம்பு போட்ட புத்தகங்களை ஓரமாக ஒரு கூட்டமாக வைத்தாள். மலேரியாப் புத்தகம் பாம்புக்கு அடுத்த வீட்டில் குடியேறியது. ஆஸ்பத்திரியில் ஆண் வார்டும் பெண் வார்டும் தனித்தனி. புத்தகத்துக்கு மட்டும் வேறு சட்டமா? பிரசவம், பெண்கள் நோய்ப் புத்தகங்களைத் தனித்தட்டில் வைத்துப் பழைய சேலைத் துணியைத் திரையாகக் கட்டினாள். அட்டைகளில் கோணல்மாணலாகத் தமிழில் எழுதினாள்: ‘வயிறு, நாலாவது.’ ‘கால் வீக்கம், முதல்.’

கடைசியாக ஒரு புத்தகம் மிஞ்சியது. திறந்தாள். உடம்பெல்லாம் அம்மை முத்து போட்ட ஒரு குழந்தை. சட்டென்று மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அம்மாவைக் காலுக்கும் வயிற்றுக்கும் நடுவே செருகுவதா? வீட்டுக்கு வந்து போகிறவளை நோய்க் கணக்கில் எழுதுவதா? அலமாரி உச்சியில் தனியாக வைத்து, ஒரு கொத்து வேப்பிலையைச் சாத்தினாள். அட்டை எழுதவில்லை.

பத்தாம் நாள் அதிகாரி வந்தார். ஒழுங்காகக் குனியவில்லை என்று போன மாதம் அறை வாங்கிய எஸ்டேட் கணக்கெழுதும் கிராணி ராமையா, இந்தமுறை தரையில் எதையோ தேடுகிறவர் போல் குனிந்தே இருந்தார். பிச்சையம்மாளும் குனிந்தாள். குனிந்தபடியே பார்த்தாள்: பளபளக்கும் பூட்ஸ், இடுப்பில் வாள், கன்னம் முழுக்கக் குழிக்குழியாகத் தழும்பு.

“சாகித் காக்கி” என்றார் அதிகாரி, தெரிந்த மலாயில். கால் நோய். அவள் அடித்தட்டிலிருந்து எடுத்து நீட்டினாள். “சாகித் பெரோத்.” வயிறு வந்தது. அதிகாரியின் புருவம் ஏறியது. உட்கார்ந்து அட்டைகளை எண்ணினார். அறுபது. மறுபடி எண்ணினார். அறுபதுதான். வாசலில் லாரிக்காரன் இஞ்சினை முடுக்கினான்.

“போச்சு” என்று ராமையா பல்லுக்கிடையே முனகினார். “ஒண்ண எங்கம்மா விட்டே? பொட்டலம் மடிக்கக் கிழிச்சிட்டியா?”

அவளுக்கு அழகம்மாவின் வயிறு கண்ணுக்குள் வந்தது. அலமாரி உச்சியைக் காட்டினாள். அதிகாரி எழுந்து இரண்டு எட்டு வைத்துக் கையை உயர்த்தினார். பூட்ஸ் காலோடு! பிச்சையம்மாள் குறுக்கே போய் நின்றுவிட்டாள். நின்ற பிறகுதான் பயம் வந்தது.

“காசுட், துவான்” என்றாள். செருப்பு, ஐயா. அவள் பார்வை பூட்ஸில் இருந்தது.

“ஐயோ, சாவடிக்கிறாளே லா” என்றார் ராமையா தரையைப் பார்த்து.

அதிகாரி தன் காலைப் பார்த்தார். வேப்பிலையைப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு பூட்ஸாகக் கழற்றினார். பின்னால் நின்ற இரண்டு சிப்பாய்களும் அவசரமாகக் கழற்றினார்கள். ஒருவன் காலுறையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. அதிகாரி புத்தகத்தை எடுத்துப் படம் இருந்த பக்கத்தைத் திறந்தார். அவர் விரல் தானாகக் கன்னத்துக்குப் போயிற்று.

கை போகும் இடத்தைப் பார்ப்பவள் அதையும் பார்த்தாள்.

அவர் இரண்டு கையாலும் புத்தகத்தை வைத்துவிட்டு, வேப்பிலையை நேராக்கினார். காலி அட்டை ஒன்றை எடுத்து, ஒன்றும் எழுதாமல் அறுபதின்மேல் வைத்தார். சேலைத் திரையைக் காட்டி “அப்பா இத்து?” என்று கேட்டார். அது என்னவாம். அவளுக்கு மலாயில் சொல்லத் தெரியவில்லை. வெட்கத்தோடு வயிற்றின்மேல் கையை வளைத்துக் காட்டினாள். மனிதர் இருமிக்கொண்டு பூட்ஸைத் தேடப் போனார். லாரி காலியாகத் திரும்பியது.

காய்ச்சல் விட்டதும் டிரசர் எழுந்து வந்து தலையில் அடித்துக்கொண்டார். “மலேரியா பாம்போடயோ? உமக்கென்ன விசரே? நாளைக்கே ஒழுங்காய் மாத்துவன்!”

மாற்றுவதற்குள் அழகம்மாவுக்கு வலி கண்டது. பெண் வார்டிலிருந்து பிச்சையம்மாள் முதல்முறையாகக் கத்தினாள்.

“ஐயா, அந்தச் சேலைக்குப் பின்னால மொதப் பொஸ்தவம்!”

“நான் அதுக்குள்ள கை விடமாட்டன்! நீரே வந்து எடும்!”

அவளே ஓடிவந்து எடுத்துப்போனாள். பொழுது சாய்வதற்குள், முதலில் கால் வந்து, தலை கடைசியாக வந்து, பெண் குழந்தை வீரிட்டது.

அடுக்கு மாறவே இல்லை. டிரசர் மட்டும் வாரம் ஒருமுறை மாற்றப்போவதாகச் சொல்லிக்கொண்டே அந்த அறைக்குள் போவார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான்.