ஐந்து வீட்டுக்கு ஒரு வார இதழ்

தொண்ணூறுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிள்ளானில் ஒரு கல்யாண மண்டபத்தில், சுற்றுச்சூழலைக் காப்பது எப்படி என்று சொல்லித்தரக் கூட்டம் போட்டிருந்தார்கள். வாசலிலேயே ஆளுக்கு நான்கு துண்டுப்பிரசுரங்கள் கொடுத்தார்கள். கல்யாணப் பத்திரிகையைவிடத் தடிமனான, வழவழப்பான தாள். காகிதத்தை வீணாக்காதீர்கள் என்று அதில் அச்சடித்திருந்தது. ஊருக்குத்தான் உபதேசம். எனக்கு அங்கேயே பற்றிக்கொண்டு வந்தது.

மேடையில் டை கட்டிய ஒருவர் பேசினார். "ஒரு மேகஸின் வாங்குனா நாலஞ்சு வீடு சேர்ந்து படிங்க. மரம் மிஞ்சும். ரொம்ப ஈஸிலா."

ஈஸியாம். இவர் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே நாங்கள் செய்து, சண்டை போட்டு, நாசமாக்கிய காரியம் அது.

எழுபதுகளில் நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். மெட்ராஸிலிருந்து கப்பலில் வரும் வார இதழ் ஒன்றை ஐந்து வீடுகள் சேர்ந்து வாங்கினோம். எந்த மரத்தையும் காப்பாற்ற அல்ல. தனித்தனியாக வாங்க யாருக்கும் கட்டுப்படியாகாது. செவ்வாய்க்கிழமை முதல் வீட்டுக்குப் போகும். வீட்டுக்கு ஒரு நாள். சனிக்கிழமை ஐந்தாவது வீடான எங்களுக்கு வரும்போது அட்டை கசங்கி, மூலையில் மஞ்சள் கறை ஏறியிருக்கும். பரவாயில்லை. கடைசி வீடு என்பதால் கத்தரிக்கோல் என் கையில் இருந்தது. தொடர்கதைத் தாள்களை வெட்டிச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்டுக் கட்டாக்கி வைப்பேன். மற்றவர்களுக்குச் சமையல் குறிப்போ கோலமோ வேண்டுமென்றால் கையால் எழுதிக்கொள்ள வேண்டும். சனிக்கிழமைக்கு முன்னால் யாரும் கத்தரிக்கோல் வைக்கக்கூடாது. எங்களுக்குள் இருந்த சட்டம் அது ஒன்றுதான்.

அந்த வருடம் ஓடிய கதையில் ஒருத்தி புகுந்த வீட்டை விட்டு வெளியேறி, பெட்டியும் கையுமாக பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாள். அடுத்த வாரம் முற்றும் என்று போட்டிருந்தார்கள். அந்த ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை இதழ் வந்தது. திறந்தால் கதை முடிய வேண்டிய இடத்தில் ஓர் ஓட்டை. சன்னல் மாதிரி சதுரமாக வெட்டி எடுத்திருந்தது.

மூன்றாவது வீட்டு அக்கா, சமையல் குறிப்புப் பைத்தியம். வேறு யாராக இருக்க முடியும்? போய் நின்றேன்.

"ஊறுகாய் குறிப்புமா," என்றார் அவர். "நாத்தனார் வீட்டாளுங்க வந்துட்டாங்க, உக்காந்து எழுத நேரமில்லை. அதான் வெட்டிட்டேன்."

"அதுக்குப் பின்னால என் கதை முடியுதுக்கா."

"பின்னால என்ன இருக்குன்னு நான் பாக்கலையே."

பழைய டைரியை எடுத்துக் காட்டினார். குறிப்பைக் கஞ்சிப் பசை தடவி அழுத்தி ஒட்டியிருந்தார். என் கதையின் முடிவு பசையில் முகம் கவிழ்ந்து கிடந்தது. நகத்தால் உரித்துப் பார்த்தேன். கதையும் கிழிந்தது, ஊறுகாயும் கிழிந்தது.

அன்று நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. ஒரு தாளுக்கு இரண்டு முகம் உண்டு என்பதுகூடத் தெரியாத உனக்கு எதற்குப் படிப்பு என்று கேட்டேன், அது மட்டும் நினைவிருக்கிறது. வரிசை வீடு முழுக்கக் கேட்டது. முதல் இரண்டு வீடுகளும் கதையை முழுதாகப் படித்திருந்தன. போய்க் கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிவைச் சொல்லியிருப்பார்கள். கேட்கவில்லை. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. இனி என் வீட்டுக்குத் தனி இதழ் என்று அறிவித்தேன். ரோஷத்தில் அக்காவும் தனியாக வாங்க ஆரம்பித்தார், முதல் இரண்டு வீடுகளும் அப்படியே. கட்டுப்படியாகாது என்றவர்கள் எல்லோரும் வயிற்றைக் கட்டி வாங்கினோம். ஒன்று இருந்த இடத்தில் நான்கு. கட்டிலுக்கு அடியில் குவியும், 'பேப்பர் லாமா' என்று மலாயில் கூவிக்கொண்டு பழைய பேப்பர் லோரி வந்தால் அள்ளிப் போகும்.

இதெல்லாம் மனதில் ஓட, மண்டபத்தில் எழுந்து நின்று கேட்டேன். "சேர்ந்து படிக்கச் சொல்றீங்க. ஒருத்தர் வெட்டுற தாளுக்குப் பின்னால இன்னொருத்தர் படிக்கிறது இருக்குமே. அதை யார் பாக்குறது?"

"நல்ல கேள்வி, ஆன்டி," என்று சிரித்துவிட்டு அவர் அடுத்த தலைப்பான பிளாஸ்டிக் பைகளுக்குப் போய்விட்டார். அறைய வேண்டும் போல இருந்தது.

தேநீர் கொடுக்கும் இடத்தில் ஒருத்தி என் கையைப் பிடித்தாள். நான்காவது வீட்டில் இருந்தவள். கேரி தீவுத் தோட்டத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். இப்போது பந்திங்கில் மகளோடு இருக்கிறாளாம்.

"குரலை வச்சே கண்டுபிடிச்சிட்டேங்கா," என்றாள். பிறகு, ஏதோ போன வாரம் விட்ட பேச்சைத் தொடர்வதுபோல, "அந்தக் கதையில அவ கடைசியில திரும்பிப் போனாளா?"

எனக்குப் புரியச் சற்று நேரமானது. மூன்றாவது வீட்டுக்குப் பிறகு இதழ் நேராக எனக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை இவளிடம் இருந்தது. ஓட்டையை எனக்கு முன்னால் பார்த்தவள் இவள். இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட எனக்கு அது தோன்றவில்லை.

"நீ யாரையும் கேக்கலையா?"

"கேக்கலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீங்க சண்டை போட்டீங்க. யார் யாரோட பேசுறாங்கன்னே தெரியலை, பயமா போச்சு. அப்புறம் ஆளாளுக்குத் தனியா வாங்குனீங்க. எங்களால முடியலைக்கா. படிக்கிறதே விட்டுப் போச்சு."

அவள் குரலில் குறையே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

"உங்ககிட்ட அந்தக் கட்டு இருக்குமே. நீங்க எப்படியும் கடைசித் தாளை எங்கயாச்சும் வாங்கிச் சேத்திருப்பீங்கன்னு நெனச்சேன். அதான் கேட்டேன்."

கட்டு இருக்கிறது. அதில் அவள் இன்னும் பஸ் ஸ்டாண்டில்தான் நிற்கிறாள் என்று இவளிடம் எப்படிச் சொல்வது? கையிலிருந்த துண்டுப்பிரசுரங்களை மடித்தேன், பிரித்தேன், மறுபடியும் மடித்தேன்.

"எனக்கும் தெரியாதும்மா," என்றேன்.