நான் அடைத்துவிட்ட ஒரு சாண் இடைவெளி

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் தோட்டத்து ஜனங்கள் காய்ச்சலில் செத்தார்கள், பசியில் செத்தார்கள், சயாம் ரயில் பாதையில் செத்தார்கள். என் தம்பி மனைவியும் அவள் பெற்ற ஒன்பது நாள் குழந்தையும் என் கையால் சாக இருந்தார்கள். அவர்கள்மேல் எனக்கிருந்த பாசமும் என் மண்டைக்கனமும் சேர்ந்து செய்த வேலை அது.

ஆண்டவருக்குள் பிரியமானவர்களே, இதைச் சபையில் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் தைரியம் வரவில்லை. ஆனாலும் கர்த்தர் செய்த நன்மையை மூடி வைத்துக்கொண்டே கண்ணை மூட எனக்கு மனமில்லை.

என் பெயர் மார்த்தாள். ரிங்லெட் என்ற மலை ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் சண்டைக்கு முன்பே காலமாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. எனக்கென்று இருந்தது தம்பி யாக்கோபுவும் அவன் மனைவி சலோமியும்தான். ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருஷம் தம்பியை சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்போது சலோமிக்கு ஐந்து மாதம். லாரி கிளம்பும்போது அவன் எட்டி என் கையைப் பிடித்து, "அக்கா, அவள ஒன்னய நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்றான். அதற்குள் லாரி வளைவில் திரும்பிவிட்டது.

அன்றிலிருந்து என் ஜெபம் எல்லாம் அந்த ஒரு வாக்கைப் பற்றித்தான். "ஆண்டவரே, சலோமியையும் பிள்ளையையும் முழுசாக அவன் கையில் கொடுக்க எனக்கு உதவி செய்யும்." காலையில் மரவள்ளிக்கிழங்கு உரிக்கும்போதும் இதே ஜெபம்தான், மலையில் நிற்கும்போதும் இதே ஜெபம்தான்.

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் நிலைமையை நினைத்தால் அழுகைதான் வரும். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனதிலிருந்து யாரும் ஒரு பலகையைக்கூட மாற்றவில்லை. கூரைத் தகரம் துருப்பிடித்து ஒழுகியது. பின்பக்கக் கால்வாய் அடைத்துக்கொண்டு தண்ணீர் அறைக்குள்ளேயே ஊறியது. பழுது பார்க்கத் தெரிந்த ஆண்கள் எல்லாரும் சயாமில் இருந்தார்கள். அந்த நேரத்தில், கீழே ரப்பர் தோட்டங்களிலிருந்து குடும்பங்களை மேலே கொண்டுவந்து மரவள்ளி நட வைக்கப் போகிறோம், காலி லயங்களைத் தயாராக்கு என்று தோட்டத்துத் தலைமைக் கணக்கரான பெரிய கிராணிக்கு ஜப்பான்காரனிடமிருந்து உத்தரவு வந்தது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வழி சொன்னவர் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் ஐயா. எந்தக் குழந்தை செத்தாலும் அந்த அறையைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற மனிதர் அவர். "கிராணி சார், என் மருந்து அலமாரி காலி. இனிமே நல்ல வீட்டத்தான் மருந்தா குடுக்கணும். பொம்பளைங்களுக்குச் சொல்லிக் குடுப்போம். அந்த அறையில கெடந்து கஷ்டப்படுறவங்களே அவங்கதானே" என்றார்.

இப்படித்தான் ஆறு பெண்களுக்குப் பயிற்சி ஆரம்பித்தது. தொழிற்சாலை மேல்மாடியில், கொழுந்து வாட்டுகிற இடத்தில், தினமும் மத்தியானம் வகுப்பு. டிரெசர் ஐயா சுகாதாரம் சொல்வார். ரிங்லெட்டிலிருந்து வந்த சீனத் தச்சர் ஆ ஹெங் வேலை சொல்லித்தருவார். ஆணி கிடைக்காது. பழைய தேயிலைப் பெட்டிகளை உடைத்து, கோணலான ஆணியைக் கல்லில் வைத்துத் தட்டி நேராக்குவோம். பெட்டிப் பலகைதான் சுவருக்கு ஒட்டு. காலி கொட்டகையில் கழற்றிய தகரம்தான் கூரைக்கு ஒட்டு. சுத்தியல் பிடித்த முதல் நாள் என் கட்டைவிரல் வீங்கிப்போனது. நாலாம் நாள் தகரம் அடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. தலைகால் புரியாத பெருமை எனக்கு.

டிரெசர் ஐயா இரண்டு விஷயங்களை விடாமல் சொன்னார். முதலாவது, எந்த அறைக்குப் போனாலும் சுத்தியலை வாசலில் வைத்துவிட்டு, ஒரு பானை கிழங்கு வேகிற நேரம் உள்ளே சும்மா உட்கார வேண்டும். எங்கே ஒழுகுகிறது, எங்கே சமைக்கிறார்கள், பிள்ளை எங்கே படுக்கிறது, எல்லாம் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். இரண்டாவது, சுவருக்கும் கூரைக்கும் நடுவில் இருக்கிற ஒரு சாண் இடைவெளியைத் தொடவே கூடாது.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "ஐயா, பல்லு கிட்டிக்கிற குளிரு இது. ஓட்டைய வச்சுக்கிட்டு எப்படிப் படுக்கிறது?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

"அடுப்பு எரியிற அறைக்கு மூச்சு வேணும், மார்த்தா" என்றார் அவர்.

புகைக்காகச் சொல்கிறார் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். விறகு புகையும், சரி. கரி புகையாதே, கரி எரிக்கிற அறைக்கு எதற்கு ஓட்டை? இதை அவரிடம் கேட்டிருந்தால் அப்போதே திருத்தியிருப்பார். கேட்கவில்லை. எனக்குத் தெரியாததா என்ற எண்ணம்.

பயிற்சி நடந்துகொண்டிருந்தபோதே சலோமிக்குப் பெண் குழந்தை பிறந்தது. கைக்குள் அடங்குகிற குழந்தை. மழைக்காலம் வேறு. பச்சை உடம்புக்காரிக்குக் காற்று பட்டால் ஜன்னி கண்டுவிடும் என்பது எங்கள் ஜனங்களின் பயம். அறையை இறுக்கி மூடி, கட்டிலுக்குப் பக்கத்தில் தணல் சட்டி வைப்பது வழக்கம். நானும் வைத்தேன். அப்போது தோட்டத்தில் கரிக்கு மட்டும் பஞ்சமில்லை. பெட்ரோல் இல்லாமல் லாரிகள் கரியில் ஓடின. மலையடிவாரத்தில் சூளை எரிந்துகொண்டே இருந்தது.

பிள்ளை பிறந்த எட்டாம் நாள் அந்த அறையைப் பழுது பார்த்தேன். உட்கார்ந்து பார்க்கவில்லை. என் தம்பி வீட்டை எனக்குத் தெரியாதா? ஒழுகின இடத்தில் புதுத் தகரம் அடித்தேன். பிறகு சுற்றிலும் இருந்த அந்த ஒரு சாண் இடைவெளியில் பெட்டிப் பலகை வைத்து, களிமண் பூசி, சந்து பொந்தெல்லாம் சாக்குத் துணி திணித்து அடைத்தேன். தணலின் சூடு அப்படியே அறையில் நின்றது. சலோமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, இன்னைக்குத்தான் கதகதன்னு இருக்கு" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அதைப் பார்த்து அக்கம்பக்கத்தில் நாலு வீட்டுக்காரர்கள் கூப்பிட்டார்கள். அவர்களுக்கும் அடைத்துக் கொடுத்தேன்.

மாலையில் ஆ ஹெங் அந்தப் பக்கம் வந்தார். அறைக்குள் வரவில்லை, பிள்ளை பெற்ற வீடு. வெளியே நின்று கூரையைப் பார்த்துவிட்டு, "ஆணி கெச்சில் லா, மார்த்தா. ரொம்ப சின்னது. காத்து வந்தா தகரம் பறக்கும்" என்றார். வேறு ஆணிக்கு நான் எங்கே போவது? தகரத்தின் நான்கு மூலைக்கும் ஜெபம் பண்ணினேன். "ஆண்டவரே, இந்தத் தகரத்தை மட்டும் நீர் பிடித்துக்கொள்ளும். அந்த அறைக்குள் காற்று போகவே கூடாது."

மறுநாள் காலை சலோமி, "தலை ரொம்ப வலிக்குது அண்ணி, வாந்தி வர்ற மாதிரி இருக்கு" என்றாள்.

"பிள்ள பெத்த ஒடம்பு அப்படித்தாம்லா இருக்கும், படு" என்றேன். இந்த வார்த்தையை நினைத்து நான் அழுத அழுகை கர்த்தருக்குத்தான் தெரியும்.

மத்தியானம் வகுப்புக்குப் போகும்முன் தணல் சட்டியில் கரியை நிறையப் போட்டேன். கதவுக்கு அடியில் ஒரு சாக்கையும் திணித்து வைத்துவிட்டுப் போனேன்.

வகுப்பு பாதி நடக்கும்போது மழையும் காற்றும் சேர்ந்து அடித்தது. மேல்மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் எதிர்ச் சரிவில் எங்கள் லயம் தெரியும். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தகரம் எழும்பி, இரண்டு தரம் அடித்துக்கொண்டு, தேயிலைக்கு மேலே பறந்து போய் விழுந்தது. என் தகரம்!

"மார்த்தாக்கா, ஒங்க தகரம் டவுனுக்குப் போயிடுச்சு" என்று ஒருத்தி சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அவமானத்தில் காது எரிந்தது. ஆண்டவர்மேல் அவ்வளவு கோபம்! ஒரு தகரத்தைப் பிடித்துக்கொள்ள உம்மால் முடியவில்லையா? பச்சைப் பிள்ளைமேல் மழை கொட்டுமே! சுத்தியலை எடுத்துக்கொண்டு மழையில் ஓடினேன். வழியெல்லாம் அவரோடு சண்டைதான் போட்டேன்.

கதவைத் தள்ளினேன். கூரை திறந்திருந்த இடத்தில் மழை கொட்டி, தணல் சட்டி அணைந்து கிடந்தது. சலோமி கட்டிலிலிருந்து சரிந்து தரையில் கிடந்தாள். கண் பாதி திறந்திருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. குழந்தையைத் தூக்கினேன். தலை என் கையில் துவண்டு தொங்கியது.

குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு கையால் சலோமியை வாசலுக்கு இழுத்தேன். எப்படி இழுத்தேன் என்று தெரியாது. போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து பார்த்துவிட்டு, டிரெசர் ஐயாவைக் கூப்பிட ஓடினாள். நான் வாசலில் மழைச் சாரலில் முழங்கால் போட்டேன். அழகான ஜெபம் ஒன்றும் வரவில்லை. "நான் பண்ணினது ஆண்டவரே, நான் பண்ணினது. என்னை எடுத்துக்கொள்ளும். இதை விட்டுவிடும்." இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

டிரெசர் ஐயா வந்து குழந்தையை வாங்கி, அதன் வாயில் தன் வாயை வைத்து மெல்ல ஊதினார். முதுகைத் தேய்த்தார். மறுபடி ஊதினார். எவ்வளவு நேரமோ! பிறகு பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைப் போல ஒரு பாட்டை நான் எந்தச் சபையிலும் கேட்டதில்லை. இருவரையும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். சாயங்காலத்துக்குள் சலோமியும் கண் விழித்து என் பெயரைச் சொன்னாள்.

டிரெசர் ஐயா சலோமியின் அறைக்குத் திரும்பிப் போய்ச் சுவரையும் தணல் சட்டியையும் பார்த்தார். "எரியிற கரி கண்ணுக்குத் தெரியாத ஒரு விஷக் காத்த விடும், மார்த்தா. அதுக்கு வாசனை கெடையாது, பொகையும் கெடையாது. அது வெளிய போறதுக்குத்தான் அந்த ஒரு சாண். தகரம் பறக்கலன்னா, நீ வகுப்பு முடிஞ்சு வந்து ரெண்டு பொணத்தத்தான் பாத்திருப்ப." அதற்குமேல் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நான் கேட்ட ஜெபம் என்ன? அந்த அறைக்குள் காற்று போகக்கூடாது. அதைக் கர்த்தர் கேட்கவில்லை. நான் ஐந்து மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த பழைய ஜெபத்தைத்தான் கேட்டார். என் கோபத்துக்கு அவர் கோபப்படவில்லை. நான் சண்டை போட்டுக்கொண்டே ஓடினாலும் சரியான இடத்துக்குத்தான் என்னை ஓட வைத்தார்.

அன்று மாலையே சலோமி அறையிலும் மற்ற நாலு வீட்டிலும் நான் பூசின களிமண்ணை இடித்தேன். "நல்லா இருந்தத ஏன்லா ஒடைக்கிறீங்க?" என்று சண்டைக்கு வந்தார்கள். டிரெசர் ஐயா உத்தரவு என்று மட்டும் சொன்னேன். என் தப்பைச் சொல்ல வாய் வரவில்லை. வகுப்பிலும் அவர் என் பெயரைச் சொல்லாமல் விஷயத்தை மட்டும் விளக்கினார். அடுத்த குழுவுக்கு, இந்தப் பாடத்தை நீதான் நடத்த வேண்டும் என்றார். நடத்தினேன். அதற்குப் பிறகு நான் எந்த அறையிலும் உட்காராமல் சுத்தியலை எடுத்ததில்லை. சண்டை முடிந்து புது லயங்கள் கட்டினபோதும் கூப்பிட்டார்கள். பல தோட்டங்களில் வீட்டுப் பழுது பார்க்கிறவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். என் தொழிலே அதுவாகிவிட்டது.

யாக்கோபு வரவில்லை. சயாமிலிருந்து திரும்பியவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சொன்னார்கள். எந்த இடத்தில் புதைத்தார்கள் என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. தம்பிக்காகவும் நான் ஜெபித்தேன். அந்த ஜெபத்துக்கு என்ன பதில் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்த மாதிரிப் பேச மாட்டேன்.

அன்றைக்குத்தான் என்னால் அடக்க முடியாமல் போனது. சலோமியின் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இடைவெளியை அடைத்தது, கரியை நிறையப் போட்டது, தலைவலி என்றபோது படு என்று சொன்னது. அவன் நம்பி விட்டுப் போனதை நானே கொல்லப் பார்த்தேன் என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு எப்பவோ தெரியும் அண்ணி. ஆஸ்பத்திரியிலேருந்து வந்தப்ப தரையெல்லாம் களிமண்ணு. நான்தானே பெருக்கினேன்" என்றாள்.

"தெரிஞ்சும் ஏன்டி ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா நீங்க இந்த வேலைய விட்டுருவீங்க. மத்தவங்க பிள்ளைங்க படுக்கிற வீட்ட யாரு பாக்கிறது?"

சகோதர சகோதரிகளே, எனக்குக் கிடைத்த மன்னிப்பு இது. கர்த்தர் முதலில் பிள்ளையின் உயிரைக் கொடுத்தார், பிறகு சலோமியின் வாயால் இதைக் கொடுத்தார். உங்களில் யாராவது கேட்டது கிடைக்கவில்லை என்று அவர்மேல் கோபமாக இருந்தால், கோபத்தோடேயே அவரிடம் வாருங்கள். யாருக்காவது செய்த தவறை மறைத்து வைத்திருந்தால், போய்ச் சொல்லிவிடுங்கள். தம்பி என்னை நம்பி இரண்டு உயிரை விட்டுப் போனான். அந்த இரண்டு உயிரையும் என் கையிலிருந்தே காப்பாற்றித் தந்தவர் என் ஆண்டவர்.