வாளியை முகர்ந்த குதிரை

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கிருஷ்ணன்கோவில் வரை சென்று திரும்பும் குதிரைவண்டிப் பந்தயத்தில் அண்ணனின் குதிரை முதலாவதாக வந்தது. வயிறு கனத்தால் ஓட்டம் குறையும் என்று முந்திய மாலையிலிருந்தே அதற்குத் தண்ணீர் காட்டுவதில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் அது. வென்ற குதிரையை வேனில் ஏற்றி ராஜபாளையம் கொண்டுவந்து, மாலையிட்டு, மேளத்துடன் தெருச் சுற்றினார்கள்.

வீட்டில் வாளியை வைத்தபோது அது முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. காய்ந்த வியர்வை உடலெங்கும் வெண்ணிற உப்பாகப் படிந்திருந்தது.

"ஏலே, தாகமே இல்ல பாரு. ராசா மாதிரி நிக்கான்" என்று அண்ணன் வண்டியோட்டியிடம் சொன்னார்.

விலா மட்டும் விடாமல் துடித்தது. ஓடிய வேகம் அடங்கவில்லை என்றார்கள். நான் கால்நடை மருத்துவரை அழைத்தேன். அவர் குதிரையின் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். இதயம் அடிக்குந்தோறும் விலா துடிப்பதாகச் சொன்னார். உப்புநீர் ஏற்றத் தொடங்கிவிட்டு, குருதி எடுத்து என்னிடம் தந்தார். நான் பணிபுரியும் ஆய்வகம் மனிதருக்கானது. அருகில் வேறில்லை.

அங்கே கொண்டுபோய்ச் சோதித்தேன். கருவி, குளோரைடு குறைவென்று குறியிட்டது. கால்சியத்துக்குக் குறி எதுவும் இல்லை. அது சரியாக இருப்பதாகத் தொலைபேசியில் சொன்னேன்.

"நான் சொன்னேம்லா" என்று அண்ணனின் குரல் பின்னால் கேட்டது.

மருத்துவர் எண்ணைக் கேட்டார். படித்தேன்.

"இது மனுசனுக்குச் சரிம்மா. குதிரைக்குப் பத்தாது. அதான் விலா துடிக்குது."

நான் திரும்பி வந்தபோது கால்சியம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. விரைந்து ஏற்றினால் இதயம் நின்றுவிடக்கூடுமாம். நீரோடு உப்பும் வியர்வையில் போய்விட்டால் உடல் தாகத்தை உணராது என்று மருத்துவர் விளக்கினார். அண்ணன் கயிற்றைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாலை இன்னும் குதிரையின் கழுத்தில் கிடந்தது. எனக்கு அச்சம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. மருந்துக்குழாயில் விழும் துளிகளையே பார்த்து நின்றேன்.

விலா அடங்கியது. சற்று நேரத்தில் குதிரை தானாகவே வாளிக்குள் முகத்தை இறக்கிக் குடித்தது. வண்டியோட்டி அழுதார். எனக்கு மகிழ்ச்சியும் வரவில்லை.

"அடுத்த மாசம் கான்சாபுரத்துல ஓடுவானா, டாக்டர்?" என்று அண்ணன் கேட்டார்.

மருத்துவர் பெட்டியை மூடினார். நான் காலியான வாளியை எடுத்துப்போய் மறுபடி நிரப்பினேன்.